மாவு பொங்காத மார்கழி

ஓசூர்
டிசம்பர் 3

அண்ணிக்கு,

அன்று நீங்கள் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கியபோது நான் சொல்லாமல் விட்டவை இரண்டு. ஒன்று, 'போகாதீங்க'. இன்னொன்று, 'மாவை எங்க வப்பீங்க'. முதலாவதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இரண்டாவது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைக் கேட்கிற நேரமா அது என்று விழுங்கிவிட்டேன்.

இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் உங்களிடம் வேறு மாதிரி எழுத எனக்குத் தெரியவில்லை.

உங்கள் போன் ஃபிரிட்ஜ் மேல் நீங்கள் வைத்துவிட்டுப் போன இடத்திலேயே கிடக்கிறது. அண்ணன் அதைத் தொடுவதும் இல்லை, எடுத்து உள்ளே வைப்பதும் இல்லை. உங்கள் தம்பி போனுக்குக் கூப்பிடலாம்தான். அவர் ஸ்பீக்கரில் போட்டு வீட்டு நடுவில் வைப்பார். அதனால்தான் கடிதம். பதில் எழுதினால் பக்கத்து வீட்டுக் கெம்பம்மா அக்கா பெயருக்குப் போடுங்கள். நான் ஷிப்ட் முடிந்து வந்து வாங்கிக்கொள்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையை மனதில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். சூளகிரிப் பக்கம் புதிதாகத் திறக்கிற கம்பெனியில் செலக்ஷன் ஆகிவிட்டது, பொங்கல் கழிந்து சேர வேண்டும் என்றீர்கள். தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னீர்கள். அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"வீட்ட யாரு பாக்கறது?"

"எல்லாருந்தான்."

"அடுப்படியில அப்பிடி என்னா மலையப் பொரட்டற நீ? காலையில கொஞ்சம், சாயந்திரம் கொஞ்சம். அதுக்கே இடுப்பு வலி, கை வலி. நீ கம்பெனியில நின்னு வேல பாப்பியா?"

அப்பா தண்ணீர் டம்ளரைப் பார்த்தார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். என் வாயில் உங்கள் தோசை இருந்தது. கல்லில் கிடந்த அடுத்த தோசை கருகுகிற வாசனை வந்தபிறகுதான் நீங்கள் அடுப்பை அணைத்தீர்கள்.

இப்போது நான்தான் சமைக்கிறேன். காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் இருட்டிலேயே வந்துவிடும். அதற்குள் மூன்று டப்பா கட்ட வேண்டும். நீங்கள் போனபின் இரண்டு முறை மாவு ஆட்டினேன். இரண்டு முறையும் மறுநாள் காலையில் சிமெண்ட் கரைத்து வைத்ததுபோல் அசையாமல் கிடந்தது. ஓசூர்க் குளிரில் மாவு பொங்காது என்று எல்லோரும் சொல்கிறார்கள். உங்கள் மாவு மட்டும் இதே குளிரில் மூடியைத் தள்ளிக்கொண்டு எழுந்து நிற்கும். எப்படி?

மனம் சரியில்லாமல் அடுப்படி முழுவதையும் ஒருநாள் கழுவிவிட்டேன். அரிசி டிரம்முக்குப் பின்னால் அண்ணனின் பழைய நீல ஸ்வெட்டர் சுருண்டு கிடந்தது, ஒரே புளித்த வாசனை. துவைத்து பீரோவில் வைத்தாயிற்று. வேறு எதையும் மாற்றவில்லை.

ஹரிணி

•

பாரூர்
டிசம்பர் 9

ஹரிணிக்கு,

நான் வாசற்படி இறங்கும்போது உனக்கு மாவு ஞாபகம். படித்துவிட்டுச் சிரித்தேன். "என்னாடி சிரிக்கற?" என்றாள் அம்மா. "நாத்தனாரு மாவு பொங்கலன்னு அழுவுது" என்றேன். "நல்லா அழுவட்டும்" என்றாள். உன்மேல் அவளுக்குக் கோபம் இல்லை. இங்கே யாருக்கும் யார்மேலும் கோபப்பட நேரமில்லை, கரும்பு வெட்டு நடக்கிறது.

துவைத்துவிட்டாயா அந்த ஸ்வெட்டரை? அதுதானடி மாவுக்கு வீடு.

கவனமாகப் படி. உளுந்து அரைக்கும்போது கடைசியாக ஊற்றுகிற தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். உப்புப் போட்டுக் கையால் கரை. கரண்டி வேண்டாம், கைச்சூடு வேண்டும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதே. குக்கரில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றி அதற்குள் பாத்திரத்தை இறக்கி, மொத்தத்தையும் ஸ்வெட்டரால் சுற்றி, அரிசி டிரம்முக்கும் சுவருக்கும் நடுவில் வை. அந்த மூலையில் காற்று புகாது. உங்கள் வீட்டில் அதைப்போல வெதுவெதுப்பான இடம் வேறு எதுவும் கிடையாது.

உன் அண்ணன் காலையில் எப்போதாவது அதை எடுத்து மாட்டிக்கொண்டு "இதுல என்னா புளிச்ச நாத்தம்?" என்று கத்துவார். "உங்க வேர்வதான்" என்பேன். மூன்று வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறார்.

இன்னும் சில சொல்கிறேன், நீ கேட்காவிட்டாலும். காலையில் கிளம்பும்போதே சாயந்திரக் குழம்புக்குப் புளியை டப்பாவில் ஊறப்போட்டுவிட்டுப் போ. வந்து நின்றுகொண்டு பிசையாதே. பூண்டை வெந்நீரில் போட்டு எடுத்தால் தோல் தானாக வழுக்கும். ஞாயிற்றுக்கிழமை டிவி பார்க்கும்போது மாமாவிடம் கொடு, உரிப்பார். அவர் கை சும்மாதான் இருக்கிறது, கேட்கத்தான் ஆளில்லை. குக்கர் விசில் வராமல் ஓரத்தில் ஆவி போனால் ரப்பரைக் கழற்றி ஃப்ரீசரில் கொஞ்சநேரம் வை. புது ரப்பர் வாங்கிவா என்று உன் அண்ணனிடம் சொன்னால் அடுத்த தீபாவளிக்கு வரும்.

கடைசியாக ஒன்று. பீரோ கீழ்த்தட்டில், கல்யாணப் புடவைக்கு அடியில், பச்சை உறையில் என் பிளஸ் டூ மார்க் ஷீட்டும் டிசியும் இருக்கின்றன. ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பு. ஜனவரி இருபதுக்குள் நேரில் காட்டாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

மணிமேகலை

•

ஓசூர்
டிசம்பர் 16

அண்ணிக்கு,

பொங்கிவிட்டது! காலையில் ஸ்வெட்டரைப் பிரித்தபோது மூடி சற்றே தூக்கியிருந்தது. தனியாக நின்று சிரித்தேன். அப்பா எழுந்து வந்து, "ஏம்மா, யார்கூடப் பேசற?" என்றார்.

உங்கள் கடிதத்தைக் கொடுக்கும்போது கெம்பம்மா அக்கா அதை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு அவருடைய கன்னடத் தமிழில் தரமாட்டேன் என்றார். "லவ் லெட்டரா? ஹுடுகன் பேரு சொல்லு, குடுக்கறன்." அண்ணி எழுதியது என்றேன். முகம் மாறிவிட்டது. "யாவாக பர்த்தாளாம்?" என்று கேட்டார். எப்போது வருகிறாள் என்றால் நான் என்ன சொல்ல? தெரியாது என்றேன். அவர் அடுப்பிலிருந்து ஒரு கிண்ணம் சாறு, அவர்கள் வீட்டு ரசம், ஊற்றிக் கொடுத்தார். அன்றைக்குக் குழம்பு வைக்கவில்லை.

அப்பாவுக்குக் களி கிண்டினேன். கட்டி தட்டிவிட்டது. உடைக்க உடைக்க உள்ளே பச்சை மாவு. கட்டிகளைத் தட்டோரம் ஒதுக்கிவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது. பருப்பு தினமும் குக்கர் விசில் வழியாக வெளியே வந்து அடுப்பெல்லாம் மஞ்சள். பால் ஒருநாள் அடிப்பிடித்தது, அந்தப் பாத்திரத்தை இன்னும் ஊறப்போட்டபடியே வைத்திருக்கிறேன். போர்த் தண்ணீரில் பாத்திரமெல்லாம் வெள்ளை பூத்துக்கிடக்கிறது. உங்கள் கையில் அவை எப்படிப் பளபளத்தன?

பஸ்ஸில் படிக்கவென்று எடுத்துப்போகிற புத்தகம் பையிலேயே இருக்கிறது. திறந்தால் தூக்கம். ஒன்று கவனித்தேன் அண்ணி, நான் படித்த எத்தனையோ கதைகளில் சாப்பாடு தானாகவே தட்டுக்கு வந்துவிடுகிறது. வானிலையைப் பற்றி ஒரு பக்கம் எழுதுகிறவர்கள் இதைப் பற்றி ஒரு வரியும் எழுதுவதில்லை. நானும் இத்தனை வருஷம் அதைக் கவனிக்காமலேயே படித்திருக்கிறேன்.

களிக்கு என்ன பக்குவம் என்று மட்டும் விவரமாக எழுதுங்கள்.

ஹரிணி

•

பாரூர்
டிசம்பர் 22

ஹரிணிக்கு,

களி பற்றிக் கேட்டிருக்கிறாய். பருப்பு, பால், பாத்திரம் எல்லாம் கேட்டிருக்கிறாய். பச்சை உறையைப் பற்றி ஒரு வரி இல்லை. மறந்துவிட்டாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

களி: தண்ணீர் கொதித்ததும் ஒரு பிடி நொய்யரிசி போட்டு வேகவிடு. உப்புப் போடு. கேழ்வரகு மாவை நடுவில் மொத்தமாகக் குவித்துப் போடு. உடனே கிண்டாதே. இங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். கட்டைக் காம்பால் நடுவில் ஒரு குழி மட்டும் குத்தி, தீயைக் குறைத்து மூடிவிடு. அந்தக் குழி வழியாக ஆவி ஏறி மாவு உள்ளே வேகும். பச்சை வாசனை போனபிறகு இறக்கி, காலால் பாத்திரத்தை அண்டக்கொடுத்துப் பிடித்துக்கொண்டு கிண்டு. கையில் தண்ணீர் தொட்டு உருட்டு. மாவைப் போட்டவுடனே கிண்டினால் கட்டிதான்.

பருப்பில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, குக்கருக்குள் சின்னக் கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்துப் போடு. பால் பாத்திரத்தில் உப்பும் தண்ணீரும் ஊற்றிக் கொதிக்கவிடு, அடி தானாக உரியும். வெள்ளை பூத்ததற்கு, பிழிந்த எலுமிச்சைத் தோலைத் தூக்கி எறியாமல் அந்தப் பாத்திரத்திலேயே தண்ணீர் விட்டுக் கொதிக்கவை.

இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. உங்கள் வீட்டுக்கு வந்தபிறகு நானாகத் தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்தவை. எதற்கென்றால், காலையில் பத்து நிமிஷம் மிச்சமானால் பின்வாசலில் நின்று காபியைச் சூடாகக் குடிக்கலாம் என்று. பத்து நிமிஷம் மிச்சமான அன்றைக்கு உன் அண்ணன், "சும்மாத்தான நிக்கற, இந்தச் சட்டைய அயர்ன் பண்ணு" என்பார். மாமா மாத்திரை கேட்பார். நீ தலைவாரிக்கொண்டே, "அண்ணி, என் ஐடி கார்டப் பாத்தீங்களா?" என்பாய். மிச்சம் பிடித்ததெல்லாம் அந்த வீட்டுக்குள்ளேயே போய்விடும்.

ஒரே ஒரு தடவை அதை எனக்கென்று எடுத்துக்கொண்டேன். முந்தின நாளே வெங்காயம் நறுக்கி, புளி கரைத்து, மாவு பொங்கவைத்து, எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டு செலக்ஷனுக்குப் போய் வந்தேன். சாயந்திரம் நீங்கள் மூவரும் வந்தபோது குழம்பு சூடாக இருந்தது. நான் வெளியே போய் வந்ததே யாருக்கும் தெரியவில்லை. அங்கே ஊசிமுனை அளவு பாகம் ஒன்றை இடுக்கியால் எடுத்துப் பொருத்தச் சொன்னார்கள். என் கை நடுங்கவில்லை. அந்த மேடம், "இதுக்கு முன்னாடி எங்க வேல பாத்தீங்க?" என்று கேட்டார்.

இங்கேயும் நான் அடுப்படியில்தான் இருக்கிறேன். தம்பி பெண்டாட்டிக்கு இது ஏழாம் மாதம். கரும்பு வெட்டுகிற ஆட்களுக்கும் சேர்த்துச் சமையல். வந்த வேகத்தில் அம்மா துடைப்பத்தை என் கையில் கொடுத்துவிட்டாள். இடம்தான் மாறியிருக்கிறது.

பச்சை உறை. ஜனவரி இருபது.

மணிமேகலை

•

ஓசூர்
ஜனவரி 3

அண்ணிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம் என்று எழுதலாம். உண்மையில் எழுத உட்கார்ந்து மூன்று முறை கிழித்தேன்.

நீங்கள் சொன்னபடியே எல்லாம் செய்தேன். களி கட்டி தட்டவில்லை. பருப்பு பொங்கி வழியவில்லை. பாத்திரம் மின்னுகிறது. இப்போதெல்லாம் இருட்டில் எழுந்தால் கை தானாக ஓடுகிறது. காபியைக்கூட ஒருநாள் சூடாகக் குடித்தேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. இட்லி பஞ்சுபோல வந்தது. அண்ணன் ஆறாவது இட்லியைச் சட்னியில் தோய்த்துக்கொண்டே அப்பாவிடம் சொன்னான்:

"பாத்தியாப்பா? அவ போய்ட்டா வீடே நின்னுடும்னு பயந்த. என்னா நின்னுச்சு? ஹரிணி கம்பெனிக்கும் போறா, சமையலும் பண்றா. மனசு இருந்தா எல்லாம் ஆவும்."

"உப்பு சரியா இருக்குது" என்றார் அப்பா. அவர் அவ்வளவுதான் சொல்வார்.

"இருக்கட்டும். எத்தன மாசம் அங்க இருக்காளோ இருக்கட்டும். நமக்கு என்னா கொறச்சல்?"

என் கையில் இட்லித் தட்டு இருந்தது. அண்ணி, அந்த இட்லி உங்களுடையது. தண்ணீர்ச் சூடு, கை, மூலை எல்லாமே உங்களுடையது. நீங்கள் கடிதத்தில் எழுதி அனுப்ப அனுப்ப, நீங்கள் இல்லாத குறையை நான் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்திருக்கிறேன். அவன் குறையே இல்லை என்கிறான்.

அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. அவன் தட்டில் ஏழாவது இட்லியை வைத்தேன். இது உங்களுக்குத் தெரியவேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

பச்சை உறை இருக்கிறது. உங்கள் முதல் கடிதம் வந்த அன்றே எடுத்துப் பார்த்தேன். கணக்கில் இருநூற்றுக்கு நூற்று எழுபத்தெட்டு. எனக்குக்கூட அவ்வளவு இல்லை. திரும்ப அதே இடத்தில் வைத்தேன். நீங்கள் வேலைக்குப் போனால் கம்பெனி விடுதியில் தங்கிவிடுவீர்கள், இங்கே வரமாட்டீர்கள். வந்தாலும் பாதி அடுப்படி என் தலையில்தான். இந்தக் கணக்கை நான் போட்டேன். சோர்வில் எதை யோசித்தாலும் அது அடுப்படியில் போய்த்தான் முடிகிறது.

இந்த முறை நான் எதுவும் கேட்கவில்லை.

ஹரிணி

•

பாரூர்
ஜனவரி 5

ஹரிணிக்கு,

படித்தேன்.

கோபப்பட்டு நாலு பக்கம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். கை வலிக்கிறது. காலையிலிருந்து இருபது பேருக்குக் களி கிண்டியிருக்கிறேன்.

உனக்கு உடம்பு நோகக்கூடாதே என்றுதான் அதையெல்லாம் எழுதினேன். அதைச் சாப்பிட்டுவிட்டு அவர் என்னை வேண்டாம் என்கிறார். அவர் சொன்னதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஏழாவது இட்லியை வைத்தாய் பார், அதுதான் உள்ளே போய்க் குத்துகிறது. ஆனால் நான் அங்கே இருந்திருந்தாலும் வைத்திருப்பேன். அதனால் உன்னைத் திட்ட வாய் வரவில்லை.

இனிமேல் அடுப்படியைப் பற்றி எதுவும் கேட்காதே. எனக்கும் சொல்ல எதுவும் இல்லை.

உறையை அனுப்பினால் அனுப்பு. அனுப்பாவிட்டால் இருபதாம் தேதி தானாக வந்துவிட்டுப் போகும்.

மணிமேகலை

•

ஓசூர்
ஜனவரி 11

அண்ணிக்கு,

இந்தக் கடிதத்துக்குப் பின்னாலேயே நானும் வருவேன். உறையைத் தபாலில் போடவில்லை. தபாலை நம்பாமல் அல்ல, என்னை நம்பாமல். போகிக்கு மறுநாள் கிருஷ்ணகிரியில் பஸ் மாறி வருகிறேன். பொங்கலன்று ஒரு வீட்டுக்குப் போய் அங்கே ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்து சாப்பிடப்போகிறேன் என்று உங்கள் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். திட்டுவார். திட்டட்டும்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நேரில் சொல்ல வராது.

உங்கள் கடிதம் வந்த சாயந்திரம் குக்கரைக் கழுவிக் கவிழ்த்தேன். ஸ்வெட்டரைத் துவைத்துக் காயவைத்து அண்ணன் கட்டில்மேல் வைத்தேன். மறுநாள் காலையில் எனக்கு ஒரு டப்பா, அப்பாவுக்கு ரசமும் சாதமும். அவ்வளவுதான் செய்தேன். அண்ணன் குளித்துவிட்டு வந்து அலமாரியைப் பார்த்தான்.

"என் டப்பா?"

"கட்டலண்ணா."

"உடம்பு சரியில்லியா?"

"நல்லாத்தான் இருக்கறன்."

"அப்பறம்?"

"அடுப்படியில என்னா மலையா பொரட்டறாங்கன்னு நீதான கேட்ட. பொரட்டிப் பாரு."

இதைச் சொல்ல எனக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது. அவன் அடிக்க மாட்டான் என்று தெரியும், ஆனாலும் கதவருகில் நின்றுதான் சொன்னேன். அன்று தோசை முன்னால் உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டியதையும் அப்படியே சேர்த்துச் சொன்னேன். "அண்ணி வேலைக்குப் போவட்டும். சர்டிபிகேட்ட நான் கொண்டுபோய்க் குடுக்கப்போறன்."

"அவ சொல்லிக் குடுத்தாளா?"

"அவங்க களி கிண்டத்தான் சொல்லிக் குடுத்தாங்க."

அவன் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அன்று ராத்திரி அப்பாவுக்கும் சேர்த்துப் புரோட்டா வாங்கிவந்தான். மறுநாளும் புரோட்டா. மூன்றாம் நாள் அப்பாவுக்கு வயிறு கெட்டுவிட்டது. அண்ணன் தானே களி கிண்டுகிறேன் என்று இறங்கினான். நான் கூடத்தில் உட்கார்ந்து புத்தகம் படித்தேன். உண்மையில் படிக்கவில்லை, காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அவன் மாவைப் போட்டவுடனே கிண்ட ஆரம்பித்த சத்தம் கேட்டது. எழுந்துபோய்க் கட்டையைப் பிடுங்கவேண்டும் என்று கை பரபரத்தது. புத்தகத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அப்பா ஒரு கட்டியை உடைத்து உள்ளே பார்த்தார். "இதென்னடா, உள்ள மாத்திர வச்சிருக்கியா?" என்றார். அப்பா ஒரு கிண்டல் பேசி எத்தனையோ வருஷம் ஆகிறது. அண்ணன் சிரிக்கவில்லை. ஆனால் பாத்திரத்தை அவனேதான் கழுவினான். கழுவினான் என்றால், தண்ணீர் காட்டினான்.

அவன் மாறிவிட்டான் என்று நினைத்துவிடாதீர்கள். என்னோடு பேசுவதில்லை. கல்யாணமானவள் விடுதியில் தங்கினால் ஊர் என்ன சொல்லும் என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தான். ஊரில் பாதிப்பேர் அந்த விடுதியில்தான் இருக்கிறார்கள் என்று கெம்பம்மா அக்கா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தே சத்தமாகச் சொன்னார்.

திரும்பி வாருங்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. எதற்காகக் கேட்கிறேன் என்று எனக்கே சரியாகத் தெரியும்வரை கேட்க மாட்டேன்.

ஹரிணி

•

சூளகிரி
பிப்ரவரி 9

ஹரிணிக்கு,

சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. போன் வாங்கவில்லை. முதல் சம்பளத்தில் வாங்கவேண்டும். அதுவரை கடிதமே போதும், எனக்கு இது பழகிவிட்டது.

அறையில் நான்கு பேர். ஊத்தங்கரைப் பெண் ஒருத்தி, மற்ற இரண்டு பேரும் தெற்கிலிருந்து. என்னை "அக்கா" என்று கூப்பிடுகிறார்கள். மெஸ்ஸில் சாம்பாரில் பருப்பைத் தேடவேண்டும், இட்லி கல். முதல் நாள் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். ஒருத்தர் என் தட்டில் சாதம் போட்டார். சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டு அங்கேயே நின்றேன். யாருக்காவது இன்னும் ஏதாவது வேண்டுமா என்று பார்த்துக்கொண்டு. ஊத்தங்கரைப் பெண், "என்னாக்கா, எதனா மறந்துட்டியா?" என்றாள்.

கால் வலிக்கிறது. எட்டு மணி நேரமும் நிற்கிறேன். உன் அண்ணன் சொன்னது ஒருவிதத்தில் சரிதான், வலிக்கத்தான் செய்கிறது. வேலை முடிந்ததும் உட்காரலாம், அது ஒன்றுதான் வித்தியாசம்.

சனிக்கிழமை வேலை இல்லை. என்ன செய்வது என்று தெரியாமல் நாள் முழுக்கப் படுத்திருந்தேன். அழுதேனோ தூங்கினேனோ, இரண்டும் கலந்துதான்.

மாமாவின் மாத்திரை புதன்கிழமையோடு தீரும். அதை மட்டும் பார்த்துக்கொள்.

மணிமேகலை

•

ஓசூர்
பிப்ரவரி 24

அண்ணிக்கு,

மாத்திரை வாங்கியாயிற்று. அப்பாவே பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தார். பூண்டும் உரிக்கிறார். டிவி இல்லாமலேயே.

அண்ணன் உங்களைப் பார்க்க வந்தது உங்களுக்குத் தெரியும். என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கமாட்டேன். வருவதற்கு முன்னாலும் பின்னாலும் நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்காது. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

புரோட்டாவும் கெம்பம்மா அக்காவின் சாறும் எனக்கென்று நான் வைக்கிற ரசமும் அவனுக்கு அலுத்துப்போயிருக்க வேண்டும். போன வாரம் யூடியூபைப் பார்த்துக்கொண்டே மாவு ஆட்டினான். கிரைண்டர் சத்தத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. மாவு பொங்கவில்லை. அடுத்த முறையும் பொங்கவில்லை. நேற்றுக் காலை பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான். ஒன்றரை மாதத்தில் என்னிடம் அவன் பேசிய முதல் வார்த்தை.

"இத எங்கடி வப்பாங்க?"

"எனக்குத் தெரியும். சொல்ல மாட்டன்."

"ஏன்?"

"அது என்னோடது இல்லண்ணா. யாரோடதோ அவங்களயே கேளு."

பாத்திரத்தைக் கீழே வைத்தான். பிறகு அந்த நீல ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு பைக்கை எடுத்தான்.

அவன் போனபின் அப்பா என்னைக் கூப்பிட்டு, "கூட்டிக்கினு வருவானாம்மா?" என்றார். தெரியலப்பா என்றேன். அவர் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பூண்டு முழுவதும் உரித்து முடித்துவிட்டார்.

பொழுது சாய்ந்தபிறகு பைக் சத்தம் கேட்டது. தனியாகத்தான் வந்தான். உள்ளே போய் அரிசியையும் உளுந்தையும் அளந்து வைத்தான். இன்று காலையில் ஊறப்போட்டு, சாயந்திரம் அரைத்தான். உளுந்துக்குத் தண்ணீரைச் சூடு பண்ணிக் கையை விட்டுப் பார்த்து ஊற்றினான். குக்கரில் வெந்நீர் வைத்து, பாத்திரத்தை இறக்கி, போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றினான். கழற்றியதும் மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தான். பிறகு அதைப் பாத்திரத்தைச் சுற்றிக் கட்டி, அரிசி டிரம்முக்கும் சுவருக்கும் நடுவில் வைத்தான்.

ஹரிணி